ஆறுகரைக் கோப்பை வந்து நின்ற வாசல்

ஆறுகரைக் கோப்பை முதல் தடவை சௌடேஸ்வரியின் வாசலுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனதற்கும் அவள் கதவைத் திறந்து அதை எடுப்பதற்கும் நடுவில் இருந்த கால்மணி நேரத்தில். கதவைத் திறந்தவள் கால்மிதியின் மேல் அது நிற்பதைக் கண்டாள், உச்சியிலிருந்து அடிவரை நனைந்திருந்தது, மடல்களின் இடுக்கில் கடல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, பீடத்தின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டு இன்னும் உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடியது. நாற்பத்தோரு நாளைக்கு முன்பு மொரீஷியஸில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பூட்டுக்குப் பின்னால் இருந்த கோப்பை அது. சௌடேஸ்வரி பாலை ஒரு கையிலும் கோப்பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், பாலை அடுப்பில் ஏற்றினாள், சிப்பியை மெல்ல நெம்பி எடுத்து உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டாள், பிறகு கோப்பையைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து விபூதி போட்டுத் தேய்த்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அந்தக் கோப்பையை வரைந்தவள் அவள்தான். நான்கு வருஷத்துக்கு முன்பு, ஒரே கடலின் ஆறு கரைகளில் இருக்கிற ஆறு நாடுகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடி கிரிக்கெட் ஆடுவதென்று முடிவெடுத்து, முதல் ஆட்டத்துக்கு நாளும் குறித்த பிறகு, வெளிநாட்டில் சொல்லியிருந்த கோப்பை வந்துகொண்டிருந்த கப்பல் புயலுக்குப் பயந்து ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி நின்றுவிட்டது. ஆட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. போட்டியை நடத்திய சம்மேளனத்தில் உறுப்பினராக இருந்த ஒருவருக்குக் கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் செய்கிற கம்பெனி இருந்தது. அவர் எல்லோர் முன்னாலும் எழுந்து, ஒரு கோப்பைதானே, என் ஃபவுண்டரியில் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, வரைபடப் பிரிவில் அன்றைக்கு லீவு போடாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆளான சௌடேஸ்வரியின் மேஜைக்கு முன்னால் நின்று, "அம்மிணி, ஒரு கோப்பை வரைஞ்சு குடு, நாளைக்குள்ள வேணும்" என்றார்.

அவள் ஒன்பது வருஷமாக பம்ப்பைத் தவிர வேறு எதையும் வரைந்ததில்லை. தண்ணீரை வாரி மேலே தள்ளுகிற இம்பெல்லர் என்கிற சுழலியை மட்டும் நூற்றுக்குமேல் வரைந்திருக்கிறாள். அதனால் அவள் ஒரு சுழலியை எடுத்துக் குப்புறப் போட்டு, அதன் தகடுகளை ஆறாக்கி, ஆறையும் முறுக்கி மேல்நோக்கி வளர்த்து, அவை ஒன்றையொன்று தொடாமல் ஒரு பந்தை மட்டும் ஏந்தி நிற்கும்படி வரைந்தாள். பந்துக்காக முதலாளியின் தங்கை மகனிடம் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு வரிசைத் தையலையும் ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணியது எண்ணியபடி காகிதத்தில் ஏற்றினாள். தண்டு எவ்வளவு பருமன் என்று யாரும் சொல்லாததால் தன் கைப்பிடிக்கு அளவெடுத்தாள். மோல்டிங் நஞ்சப்பன் மணலில் அச்செடுத்து வெண்கலம் ஊற்றினார், பெரிய கடைவீதியில் வெள்ளி முலாம் ஏற்றினார்கள், பத்தாம் நாள் மாலை கோப்பை தயார். மந்திரி ஒருவர் அதைத் தூக்கிக் காட்டி ஆறு இதழ்த் தாமரை என்று பேசினார், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் தாமரை என்றே வந்தது, ஆறு நாட்டிலும் அது தாமரையாகிவிட்டது. வரைபடத்தின் மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் இருந்த 'சௌ' என்ற எழுத்தை யாரும் படிக்கவில்லை. அவளும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

அந்த நான்கு வருஷத்தில் அவள் அம்மா இறந்துபோனாள், தங்கை கல்யாணமாகி மஸ்கட் போனாள், வரிசை வீட்டின் கடைசி வீட்டில் சௌடேஸ்வரி ஒருத்தியாக மிஞ்சினாள். சனிக்கிழமை மாலை கம்பெனி கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேனிடம் "வரனுங்" என்று சொன்னால், திங்கட்கிழமை காலை அதே வாட்ச்மேனிடம் "வணக்கமுங்" என்று சொல்கிறவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராத வாரங்கள் இருந்தன. திங்கட்கிழமை முதல் வார்த்தை கரகரவென்று வரும், அவளே தொண்டையைச் செருமிக்கொள்வாள். குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டால் குடம் வைக்க இடம் விடுவார்கள், அவ்வளவுதான். தனியாக இருக்கிறவளிடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கோப்பை வந்த அன்று சாயங்காலம் அவர்களுக்குக் கேட்க ஒன்று கிடைத்தது. அடுத்த வீட்டு மயிலாத்தாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க்கா, வூட்டுல ஒறம்பரை வந்திருக்குதாட்ட இருக்குது" என்றாள்.

"ஆமாங், காத்தால வந்துச்சுங்."

"எத்தன நாளைக்கு இருக்கும்?"

"தெரியலீங். ஆபீஸ்ல சொன்னா ஆளு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

"அதுவரைக்கும் பாத்துக்குங்க. அத்தன தூரத்துலிருந்து வந்திருக்குது" என்றாள் மயிலாத்தாள், அதற்கப்புறம் அந்த வரிசையில் பதினான்கு வீடும் கோப்பையை ஒறம்பரையாக, ஊரிலிருந்து வந்த விருந்தாளியாகவே வைத்துக்கொண்டது. முதல் நாள் ஒரு வீட்டிலிருந்து கச்சாயப் பலகாரம் வந்தது, இரண்டாம் நாள் ஒரு வீட்டிலிருந்து பூ வந்தது. மூன்றாம் நாள் சீமந்தம் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர்கள் வந்து, சீர்த்தட்டுகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போகக் கோப்பையை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டார்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற குட்டிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோப்பையின் அடியில் அப்பியிருந்த அழுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். இது கொச்சி யார்டு கரி, இது வாளையார்ச் செம்மண், கடலில் வந்து கொச்சியில் ஏறி கூட்ஸ் வண்டியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்திருக்கிறது என்றார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. எப்படி வந்தது என்பதற்கு அதற்குமேல் ஒரு பதிலும் அந்த வரிசைக்குத் தேவைப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி, மாடு தொழுவம் திரும்புகிற மாதிரி, அதுவும் ஒன்று.

சம்மேளனத்துக்குத்தான் அது பழகக் கொஞ்ச காலம் எடுத்தது. முதலில் கோபப்பட்டார்கள், விசாரணை வைத்தார்கள், கோப்பை காணாமல் போன அன்றைக்கு சௌடேஸ்வரி கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள் என்று கம்பெனி வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த தடவை கென்யா ஜெயித்தபோது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். பார்த்தேன், இருந்தது, பார்த்தேன், இல்லை என்று அவர் அறிக்கை எழுதிக் கொடுத்தார், அதில் பொய் எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மலேசியாவில் கருங்கல் பீடத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்கள். கோப்பை நான்கு போல்ட்டையும் அணிந்துகொண்டே வந்து சேர்ந்தது, நஞ்சப்பன்தான் ஸ்பானர் கொண்டுவந்து கழற்றிவிட்டார். கடைசியில் போட்டி விதிகளில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள்: இரண்டு போட்டிகளுக்கு இடையில் கோப்பை தன் இடத்தில் இல்லாதிருந்தால் சென்னையில் துணைச் செயலாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும்.

அந்தத் துணைச் செயலாளர் கோதண்டபாணி. முதல் தடவை அவர் வந்தபோது நாற்பத்திரண்டு வயது, தலையில் ஒரு பக்கம் மட்டும் நரை. காலையில் சேரன் எக்ஸ்பிரஸில் இறங்கி, உள்ளே நீல வெல்வெட் வைத்துத் தைத்த பெட்டியோடு வந்து, வாசலுக்கு வெளியே நின்று சட்டைப்பையிலிருந்து சம்மேளனத்தின் கடிதத்தை எடுத்து நீட்டினார். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியபோது மணி எட்டுகூட ஆகவில்லை. சென்னைக்குத் திரும்புகிற வண்டி மத்தியானத்துக்கு மேல்தான். ஸ்டேஷனில் போய் உட்காருகிறேன் என்று எழுந்தவரை, "வெயில்ல எங்கீங் போய் உக்காருவீங்க, இருந்து சாப்பிட்டுப் போங்க சார்" என்றாள் சௌடேஸ்வரி. கம்பெனிக்கு லீவு சொல்லியனுப்பினாள். கதவை அகலத் திறந்து வைத்து, அவரை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, தான் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் பேசியது ஒரு இருபது வார்த்தை இருக்கும். ஆனாலும் அவர் போன பிறகு அந்த இரும்பு நாற்காலியை அவள் நான்கு நாள் மடக்கி வைக்கவில்லை.

இரண்டாம் தடவை அவர் வந்தபோது வரிசை வீட்டின் பொதுக் கிணற்று பம்ப் பழுதாகி, மெக்கானிக் அதைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பியிருந்தான். கை கழுவ வந்த கோதண்டபாணி அங்கேயே நின்றுவிட்டார். சாக்கிலிருந்த சுழலியை ரொம்ப நேரம் பார்த்தார், வீட்டுக்குள் வந்து பெட்டியைத் திறந்து கோப்பையைப் பார்த்தார், மறுபடி வெளியே போய்ச் சாக்கைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், இது தாமரை இல்ல" என்றார்.

"இல்லீங் சார்."

"ஏழு வருஷமா எல்லா நோட்டீஸ்லயும் தாமரைன்னு நானே டைப் அடிச்சிருக்கேன்."

"அதனால என்னுங்."

"வரைஞ்சது யாருன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, இப்ப வரைக்கும்."

சௌடேஸ்வரி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். ரசம் கொதித்துக் கொண்டிருந்தது, இறக்கி வைத்தாள். வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் அவர் கோப்பையின் சேதி கொண்டுவந்தார். டாக்காவில் மழையில் நனைந்தபடி அதை ஊர்வலம் விட்டார்கள், கொழும்பில் ஒரு கேப்டன் தண்டு ரொம்ப மெலிசு, பெண்பிள்ளை கைக்குச் செய்த மாதிரி இருக்கிறது என்று சொன்னார், நைரோபியில் மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று, தூரத்து ஊரில் வாழ்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார், அவள் சாய்ந்து நின்றபடி கேட்பாள். தன்னைப் பற்றி அவர் சொன்னது குறைவு. மனைவி இல்லை, பையன் புனேயில், வீடு அயனாவரத்தில் மாடியில். அவளும் குறைவாகத்தான் சொன்னாள். இப்படிப் பதினெட்டு வருஷத்தில் ஆறு தடவை கோப்பை வந்தது, ஆறு தடவை அவர் வந்தார். கோப்பை வரப்போகிற வருஷம் என்றால் சௌடேஸ்வரி ஜன்னலுக்கு வெள்ளை அடிப்பாள், புதுத் திரை வாங்குவாள். சௌடக்காவுக்கு அந்தக் கோப்பை மேல் உசுரு என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் தடவை வந்தபோது கோப்பையின்மேல் கடல் உப்பு இல்லை. ஒட்டடையும் காகிதத் தூசியும்தான் இருந்தன. குட்டிகிருஷ்ணன் அப்போது இல்லை, அதைப் படித்துச் சொல்ல வேறு ஆளும் இல்லை. சௌடேஸ்வரி வழக்கம்போலத் துடைத்து வைத்துவிட்டு, முதலாளியும் காலமாகிவிட்டதால் தானே ஒரு பூத்துக்குப் போய்ச் சென்னைக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். போட்டிக்குப் புதுக் கோப்பை வந்துவிட்டது, கண்ணாடியில் செய்தது, உள்ளே விளக்கு எரியும், பழையது ஸ்டோர் ரூமில் சும்மாதான் இருந்தது, "அதை நீங்களே வெச்சுக்கலாம் மேடம், யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

"கோதண்டபாணி சாரு?"

"அவர் ரிட்டயர் ஆயிட்டாரே. நாலு மாசம் இருக்கும்."

சௌடேஸ்வரி ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சேதி கேட்டு வரிசை வீடே குதூகலித்தது. இனி நம்முளுதுதேன் என்று மயிலாத்தாள் பாயசம் வைத்தாள், பையன்கள் பட்டாசு வெடித்தார்கள், கோப்பைக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். நாலைந்து நாளில் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். கோப்பை அலமாரியின் மேல் நின்றது. மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று, அது எங்கும் போகவில்லை, யாருக்கும் வேண்டாத பிறகு அது எங்கிருந்து கிளம்பி எங்கே வரும். அவள் வேலையிலிருந்து வருவாள், விளக்கைப் போடுவாள், அது அங்கே இருக்கும். பதினெட்டு வருஷம் எது வந்து நிற்க வேண்டும் என்று கதவைத் திறந்தாளோ அது கதவுக்கு உள்ளே இருந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே எழுந்து மூன்று கிண்ணம் ரசம் வைத்து அதில் ஒன்றைக்கூடக் குடிக்காமல் கொட்டிய பிறகு, ஜன்னலருகே போய் ஆறேகால் மணி சேரன் வண்டி வந்து சேர்ந்திருக்குமா என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தொரு வயதில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது, பார்க்க யாரும் இல்லாவிட்டாலும்.

மறுநாள் அதே பெண்ணிடம் விலாசம் கேட்டு வாங்கினாள். புதன்கிழமை காலை இன்டர்சிட்டியில், கோப்பையை ஒரு நூல்சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை என்று எட்டு மணி நேரம் ஜன்னலைப் பார்த்தபடி போனாள். அதுவரை கடலையும் மலையையும் தானாகவே தாண்டி வந்த கோப்பை அன்றைக்கு ஒரு கைக்குழந்தை மாதிரி பேசாமல் மடியில் கிடந்தது. அயனாவரத்தில் விசாரித்து விசாரித்து மாடிப்படி ஏறியபோது மணி மூன்று.

கோதண்டபாணி பனியனோடு கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார், சேலை மூட்டையைப் பார்த்தார், ஒரு நிமிஷம் என்று உள்ளே போய்ச் சட்டை போட்டுப் பொத்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க மேடம்" என்றார். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜையில் பாதி முடித்த குறுக்கெழுத்து. அவர் போட்ட டீயில் சர்க்கரை அதிகம். அவள் குடித்தாள்.

"இது என்கிட்ட வந்து ரெண்டு மாசமாச்சுங் சார்."

"தெரியும். ஸ்டோர் ரூம்ல கொண்டுபோய் வெச்சவனே நான்தான், கடைசி நாள் அந்த வேலையத்தான் குடுத்தாங்க. எப்படியும் கிளம்பிடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா வரலீங்க?"

அவர் டம்ளரை மேஜைமேல் வைத்தார், நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். "லெட்டர் இல்லையே மேடம். எனக்கு இனிமே லெட்டர் குடுக்க யாரும் இல்ல. லெட்டர் இல்லாம, ஒரு காரணம் இல்லாம, உங்க வாசல்ல வந்து எப்படி நிக்கறது? பதினாலு வீடு பாக்குது."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். பிறகு சௌடேஸ்வரி எழுந்து, கோப்பையைச் சுற்றியிருந்த சேலையைப் பிரித்து, குறுக்கெழுத்தைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையின் நடுவில் கோப்பையை வைத்தாள். சேலையை மட்டும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இதை என்கிட்ட எதுக்கு வெக்கறீங்க?" என்றார் கோதண்டபாணி.

"அது எங்கிருந்தாச்சும் கிளம்போணுமில்லீங் சார்" என்றாள்.

அன்றைக்கே வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். மயிலாத்தாள் கோப்பை எங்கே என்று கேட்டதற்கு, ஊருக்குப் போயிருக்குது என்றாள். ஐப்பசி அடைமழை வந்து போனது, மார்கழி வந்து போனது. சனிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவில் வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. ரயில் எட்டு மணி நேரத்தில் கடக்கிற தூரத்தை அந்தக் கோப்பை நான்கு மாதம் எடுத்துக்கொண்டு கடந்தது. தை பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, மேலெல்லாம் கரும்புச் சோகையும் ஏதோ ஒரு ஊர்ப் பொங்கல் வெல்லமும் ஒட்டியிருந்தது. சௌடேஸ்வரி அதைத் துடைக்காமல் மேஜைக்குப் போனாள். வரைபடங்களுக்குத் தலைப்பு எழுதுகிற அதே நேரான எழுத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்: ஐயா, தங்கள் பொறுப்பிலிருந்த கோப்பை இவ்விடம் வந்துள்ளது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். கீழே இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் முழுப்பெயரையும் எழுதி, அயனாவரத்து விலாசத்துக்குத் தபாலில் போட்டாள்.

நான்காம் நாள் காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கோதண்டபாணி வாசலுக்கு வெளியே நின்றார், வெல்வெட் பெட்டி ஆபீஸோடு போய்விட்டதால் கையில் ஒரு துணிப்பை, அவசரத்தில் சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல். குழாயடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். சௌடேஸ்வரி அதை வாங்கினாள். தான் எழுதிய நாலு வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அவசரமில்லாமல், யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி படித்து முடித்துவிட்டு, வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.